பக்கத்துக் கட்டில் பையன்

என் அண்ணனுக்கு வந்த நோயின் பெயரை முழுதாகச் சொல்லத் தெரிந்தவர்கள் எங்கள் தெருவில் இரண்டு பேர்தான். ஒருத்தி அம்மா, இன்னொருத்தி நான். அக்யூட் லிம்போபிளாஸ்டிக் லுக்கீமியா. அப்போது எனக்கு எட்டு வயது. வீட்டுக்கு வருகிறவர்கள் வாசலிலேயே நின்று, பிள்ளைக்கு என்ன என்று அம்மாவிடம் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். அம்மா வாயைத் திறப்பதற்குள் நான் முன்னால் வந்து, பள்ளியில் மனப்பாடச் செய்யுள் ஒப்பிப்பதுபோலக் கையைக் கட்டிக்கொண்டு அந்தப் பெயரைச் சொல்லிவிடுவேன். கேட்டவர்கள் என்னைப் பார்த்து உச்சுக் கொட்டுவார்கள். உச்சரிப்பில் ஏதோ பிழைபோல என்று நினைத்துக்கொண்டு, அடுத்த முறை இன்னும் திருத்தமாகச் சொல்லப் பழகினேன்.

அப்பா தூத்துக்குடி துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். மாதா கோயிலைத் தாண்டிக் கடலுக்குப் போகும் சந்து ஒன்றில் எங்கள் வீடு. அண்ணன் என்னைவிட நான்கு வயது மூத்தவன். படிப்பு சுமார். கோயில் மைதானத்தில் சாயங்காலம் ஆடும் பந்துதான் அவனுடைய உலகம். அதனால் அவன் கால் வலிக்கிறது என்று சொன்னபோது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முழங்காலுக்குக் கீழே நீலம் பாய்ந்த அடையாளங்கள் இருந்தபோதும், எவன் காலையோ இடித்துவிட்டு வந்து நிற்கிறான் என்று அம்மா திட்டினாள். பிறகு காய்ச்சல் வந்தது, போனது, மறுபடி வந்தது. தெருமுனை டாக்டர் ஒரு தடவை டைபாய்டு என்றார், இன்னொரு தடவை மஞ்சள் காமாலையாக இருக்கும் என்றார். ஒரு நாள் அவன் கொய்யாப்பழத்தைக் கடித்துவிட்டு எடுத்தபோது வெள்ளைச் சதையெல்லாம் ரத்தமாக இருந்தது. அண்ணன் அதை என்னிடம் காட்டிச் சிரித்தான். சிவப்புக் கொய்யா என்றான். அன்றைக்கே ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மறுநாள் அவனை மதுரைக்குக் கொண்டுபோனார்கள்.

மாதம் ஒன்றுக்கு மேல் அங்கே வைத்திருந்துவிட்டு அனுப்பினார்கள். போகும்போது குச்சிபோல இருந்தவன், திரும்பி வந்தபோது தலையில் ஒரு முடி இல்லாமல், முகம் மட்டும் பூசணிக்காய்போல உருண்டு வந்தான். மாத்திரை அப்படி ஊத வைக்கும் என்பது தெருவில் யாருக்கும் தெரியாது. கடைக்கார அண்ணாச்சி வீட்டம்மா அவனைப் பார்த்துவிட்டு, “மதுர தண்ணி பிள்ளைக்கு ஒத்துக்கிட்டு. நல்லாத் தேறிட்டான்லா” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனாள். அம்மா சிரித்த முகத்தோடு தலையாட்டினாள். பிறகு உள்ளே போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

அந்த மாத்திரை அவனுக்குப் பசியையும் கொடுத்தது. விடியற்காலையிலேயே எழுந்து சீலா மீன் பொரித்துக் கொடு என்பான். தின்று முடித்த கையோடு பரோட்டா கேட்பான். கடையில் வாங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், அம்மா வாழ்நாளில் செய்திராத பரோட்டாவை வீட்டில் வீசிப் பழகினாள். சட்டியில் எண்ணெய் ஊற்றிப் பொரித்துக் கொடுப்பாள். கொடுக்கக் கொஞ்சம் நேரமானால் அண்ணன் தட்டைத் தூக்கி எறிவான். பிறகு அதற்காக அழுவான். நான் அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன். நோய் வந்தால் இவ்வளவு சாப்பாடு கிடைக்கும் என்றால், நோய் ஒன்றும் அவ்வளவு மோசமானதில்லை என்று அப்போது எனக்குத் தோன்றியது.

வீடு மாறிப்போனது. பின்கட்டில் நின்ற கோழிகளை அப்பா யாருக்கோ கொடுத்துவிட்டார். மாதா படத்துக்குப் பூ வைப்பது நின்றது. பூவிலும் கிருமி இருக்கிறதாம். அம்மாவின் தையல் மெஷின், துணித்தூசு ஆகாது என்று சாக்குப் போட்டு மூடப்பட்டது. தண்ணீர் கொதித்துக்கொண்டே இருந்தது. பழம் என்றால் தோல் உரிக்கிற பழம் மட்டும். வாசலில் ஒரு வாளியும் சோப்பும். அப்பா வேலை முடிந்து வந்து, நிலக்கரித் தூசு போகப் பின்கட்டிலேயே குளித்துவிட்டுத்தான் உள்ளே வருவார். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நான் கை கால் கழுவி, உடுப்பு மாற்றி, அம்மா முன்னால் போய் நிற்க வேண்டும். அவள் கேட்பாள்:

“ஏளா, ஒங்க க்ளாஸ்ல யாருக்காவது காய்ச்சலா?”

“இல்ல.”

“இருமலு? அம்மை?”

“இல்லம்மா.”

அதற்குப் பிறகுதான் அண்ணன் இருக்கும் அறைக்குள் போகலாம்.

இதில் எனக்குப் புரியாத ஒன்று இருந்தது. முதல் மாதத்திலேயே அண்ணன் ரத்தத்தில் நோய் இல்லை என்று மதுரை டாக்டர் சொல்லிவிட்டார். அன்றைக்கு அப்பா மக்ரூன் இனிப்பு வாங்கி வந்து தெருவுக்கெல்லாம் கொடுத்தார். ஆனால் மாத்திரை நிற்கவில்லை. முதுகில் போடும் ஊசி நிற்கவில்லை. இன்னும் இரண்டு வருசம் போல ஆகும் என்றார்கள். இல்லாத நோய்க்கு எதற்கு மருந்து என்று அப்பாவிடம் கேட்டேன். அப்பா யோசித்தார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் துறைமுகம்தான்.

“நம்ம ஹார்பர்ல வேலைக்கு ஆள் எடுக்காங்கன்னு வையி. வேலையே படிக்காத சின்னப் பயலுவ கும்பல் கும்பலா உள்ள வந்து எடத்த அடச்சிக்கிட்டானுவ. வேலை தெரிஞ்சவன் உள்ள வர முடியல. அதான் அவனுக்குக் காய்ச்சலு, ரத்தம் எல்லாம். மருந்து அந்தப் பயலுவள வெரட்டிட்டு. ஆனா ரெண்டு மூணு பேரு கண்டெய்னருக்குப் பின்னால ஒளிஞ்சி கெடப்பான். அவனுவளையும் பிடிக்கணும்லா?”

“சரி. அப்ப ஏன் நான் அண்ணன்ட்ட தும்மக் கூடாது?”

“வெரட்டும்போது காவக்காரனையும் சேத்து அடிச்சிருது மருந்து. இப்ப கேட்ல காவலுக்கு ஆளு இல்ல. யாரு வேணும்னாலும் உள்ள நொழஞ்சிரலாம்.”

எனக்கு அது நன்றாகப் புரிந்தது. புரிந்ததால் பயமும் வந்தது. அன்றிலிருந்து தும்மல் வந்தால் தெருவுக்கு ஓடினேன்.

அண்ணன் மெதுவாகச் சரியாகி வந்தான். முகத்தின் ஊதல் வற்றியது. தலையில் குஞ்சு மயிர்போல முடி முளைத்தது. வெயில் தாழ்ந்த பிறகு நானும் அவனும் மொட்டை மாடிக்குப் போவோம். தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களில் எது நிலக்கரி, எது மரத்தடி, எது கோதுமை என்று அவன் சொல்லுவான். நான் நம்புவேன். அடுத்த வருசம் பள்ளிக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவன் பந்தைத் துடைத்துக் காற்று நிரப்பி வைத்திருந்தான்.

அந்த நாட்களில் ஒரு சனிக்கிழமை காலை. சனிக்கிழமை என்றால் அம்மா எனக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவாள். அண்ணனுக்கு நோய் வந்த பிறகு அம்மா என்னிடம் மட்டும் இருக்கும் நேரம் அது ஒன்றுதான். அதனால் சீயக்காய் கண்ணில் பட்டாலும் பொறுத்துக்கொண்டு நிற்பேன். முதுகு தேய்த்துக்கொண்டிருந்த அவள் கை ஓரிடத்தில் நின்றது. தோள்பட்டைக்குக் கீழே ஒரு கொப்புளம். என்னைத் திருப்பினாள். வயிற்றில் இன்னொன்று. உள்ளே நீர் கோத்துப் பளபளவென்று இருந்தது. எனக்கே அப்போதுதான் தெரியும், அரிக்கக்கூட இல்லை.

அம்மா பின்னால் நகர்ந்தாள்.

ஒரு எட்டுதான். ஆனால் ஈரச் சுவரில் முதுகு முட்டும்வரை நகர்ந்துவிட்டாள். கையில் பிடித்த குவளையிலிருந்து தண்ணீர் சிந்திக்கொண்டிருந்தது. அவள் என்னைப் பார்த்த பார்வையை அதற்கு முன்னால் நான் ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன். அப்போது அவள் பார்த்தது என்னை அல்ல, அடுப்படிக்குள் வந்த பாம்பை.

“அங்கனயே நில்லு. வெளிய வராத” என்றாள். பிறகு அப்பாவைக் கூப்பிட்டாள். மறுபடி கூப்பிட்டாள்.

நான் தலையில் சீயக்காயோடு நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து அப்பா வந்து மீதித் தண்ணீரை ஊற்றினார். அப்பாவுக்குக் குளிப்பாட்டத் தெரியாது. காதெல்லாம் தண்ணீர் போனது. வெளியே அம்மா போனில் மதுரை ஆஸ்பத்திரியிடம் பேசுவது கேட்டது. அண்ணனை உடனே கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். என்னை வேறு வீட்டுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். வேம்பாரில் இருந்த சித்திக்குச் சின்ன வயதிலேயே அம்மை போட்டுவிட்டதால் மறுபடி வராது. அதனால் நான் வேம்பாருக்கு.

அப்பா பைக்கை எடுத்தார். என் உடுப்புகளை அம்மா ஒரு பையில் போட்டு, அதை வாசல்படியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் வண்டியில் ஏறும்போது மாடியிலிருந்து அண்ணன் எட்டிப்பார்த்தான்.

“ஏளா, எங்க போற?”

“வேம்பாருக்கு.”

“பள்ளிக்கூடம்?”

“லீவு” என்றேன் பெருமையாக.

“ஒனக்கு என்னளா, யோகக்காரி” என்றான்.

கடற்கரைச் சாலையில் அப்பா வண்டியை வேகமாக ஓட்டினார். உப்பளங்களில் பட்ட வெயிலில் கண் கூசியது. சித்தி வீட்டு வாசலில் என்னை இறக்கிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் வண்டியைத் திருப்பினார்.

சித்திக்கு அப்போது பிள்ளைகள் கிடையாது. சித்தப்பா கடலுக்குப் போகிறவர். சித்தி மாதா பக்தை, ஆனால் அம்மை விசயத்தில் அவள் எந்தச் சாமியையும் விட்டுவைக்கவில்லை. மாதா படத்துக்கு மேலேயே வேப்பங்குலையைச் செருகினாள். எனக்கு வேப்பிலையைப் பரப்பி அதன்மேல் வெள்ளைத் துணி விரித்தாள். என் உடம்பைப் பார்த்து, “முத்து நல்லாப் போட்டிருக்கு. எறங்கட்டும்” என்றாள். அம்மைக் கொப்புளத்துக்கு முத்து என்று பெயர் இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

உண்மையைச் சொன்னால், அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். உடம்பெல்லாம் எரிந்தது, அரித்தது, சொறியக் கூடாது என்று சித்தி என் கைகளில் துணி சுற்றிவிட்டாள். ஆனாலும் ஒரு வருசமாக எங்கள் வீட்டில் நோயாளி என்றால் அண்ணன் ஒருவன்தான். இப்போது எனக்காக நுங்கு வந்தது. எனக்காக இளநீர் வெட்டினார்கள். சித்தப்பா வாசலில் நின்றபடியே இன்றைக்கு எப்படி இருக்கு என்று என்னைக் கேட்டார். யாரோ ஒருவர் என்னை அப்படிக் கேட்டு வெகுநாளாகியிருந்தது.

முத்தெல்லாம் காய்ந்து உதிர்ந்தது. சித்தி தண்ணீர் ஊற்றினாள். இனி அப்பா வந்து கூட்டிக்கொண்டு போவார் என்று காத்திருந்தேன். வரவில்லை. அண்ணன் மதுரையில் இருக்கிறான், வழக்கமான ஊசிதான், அம்மாவும் கூட இருக்கிறாள், வீடு பூட்டியிருக்கிறது என்றாள் சித்தி. சாயங்காலமானால் அவள் போன் அடிக்கும். எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விடுவாள். திரும்பி வரும்போது முகத்தைக் கழுவிவிட்டு வருவாள்.

ஒரு நாள் பக்கத்து வீட்டு அத்தை ஒருத்தி மீன் வாங்க வந்தாள். நான் முற்றத்தில் நொண்டி விளையாடிக்கொண்டிருந்தேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சித்தியிடம் சொன்னாள்:

“பையனுக்கு அம்மை நெஞ்சுக்குள்ளயே எறங்கிட்டாமே. இந்தப் பிள்ளைட்ட இருந்துதான ஒட்டிச்சி?”

சித்தி கையிலிருந்த மீன் தட்டைக் கீழே வைத்தாள். மீன் இல்லை, போ என்றாள். அந்த அத்தை தட்டில் கிடக்கும் மீனையும் சித்தியையும் மாறி மாறிப் பார்த்தாள். “போன்னு சொல்லுதேன்லா” என்றாள் சித்தி. அவள் போய்விட்டாள். சித்தி என் பக்கம் திரும்பவே இல்லை.

அன்று சாயங்காலம் போன் அடித்ததும் நான் ஓடிப்போய் எடுத்துவிட்டேன். அப்பாவின் குரல். அண்ணனிடம் பேச வேண்டும் என்றேன். முடியாது என்றார். நான் அழத் தொடங்கினேன். அந்தப் பக்கம் ஏதோ பேசிக்கொண்டார்கள். பிறகு அண்ணன் வந்தான். மாடிப்படி ஏறி வந்தவன்போல மூச்சு வாங்கினான்.

“ஒனக்கும் அம்மை போட்டுட்டா?” என்று கேட்டேன்.

“ஆமா.”

“என்ட்டருந்தா வந்துச்சி?”

லைன் போய்விட்டது என்று நினைத்தேன். பிறகு சொன்னான்.

“ஒன்ட்டருந்தா? ஒன்ட்ட யாரு சொன்னா? இங்கன பக்கத்துக் கட்டில்ல ஒரு பய கெடக்கான். மேலூர்க்காரப் பய. மூக்கொழுவி. அவனுக்குத்தான் மொதல்ல வந்திச்சி. என்கிட்ட வந்து ஒக்காந்துக்கிட்டு போவ மாட்டேன்னுட்டான். என் பிஸ்கட்ட வேற எடுத்துத் தின்னுட்டான்.”

“நீ அடிக்கலையா?”

“எந்திரிச்சதும் அடிக்கணும்.” மூச்சு வாங்கினான். “நீ என்ன செய்யுத?”

“நொண்டி வெளையாடுதேன்.”

“வெளையாடு” என்றான். அதற்குள் அப்பா போனை வாங்கிவிட்டார்.

எனக்கு நெஞ்சிலிருந்து பெரிய கல்லை எடுத்து வைத்ததுபோல இருந்தது. அந்த இடத்தில் உடனே கோபம் வந்து உட்கார்ந்தது. மேலூர் எங்கே இருக்கிறது என்று சித்தப்பாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். வேம்பார் கோயிலில் சித்தி முழங்காலிட்டு அண்ணனுக்காக அழுதுகொண்டிருந்தபோது, நான் பக்கத்தில் இருந்து வேறு வேண்டுதல் வைத்தேன். அந்தப் பயலுக்கு நிறைய ஊசி போட வேண்டும், முதுகிலும் போட வேண்டும், அவன் பிஸ்கட்டை வேறு யாராவது தின்ன வேண்டும் என்று. மாதாவிடம் இவ்வளவு விவரமாக நான் வேறு எதையும் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு அண்ணன் குரலை நான் கேட்கவில்லை.

சித்தப்பா ஒரு நாள் கடலுக்குப் போகாமல் வீட்டில் இருந்தார். சித்தி எனக்குத் தலை சீவி இறுக்கமாகப் பின்னினாள். ஊரிலிருந்து வாடகைக் கார் வந்தது. எங்கே போகிறோம் என்று கேட்டதற்கு வீட்டுக்கு என்றார்கள். நான் சந்தோஷப்பட்டு, போகும் வழியெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தேன். சந்து முனையில் கார் நின்றபோது, தெரு முழுக்க நாற்காலி போட்டிருந்தது. மதுரை ஆம்புலன்ஸ் ஒன்று நின்றது.

நடு வீட்டில் பெட்டி இருந்தது. அண்ணனின் முகம் மட்டும் தெரிந்தது. முகத்தில் கறுப்புக் கறுப்பாகப் பொருக்குகள். எனக்கு இருந்ததைப் போலவேதான். அவை உதிர்ந்துவிடும், சித்தி தண்ணீர் ஊற்றினால் போய்விடும் என்று அவனிடம் சொல்ல நினைத்தேன். ஆனால் நான் வாசலைத் தாண்டவில்லை. அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் அண்ணன் பக்கம் போக வேண்டும் என்பது ஒரு வருசப் பழக்கம். அம்மா பெட்டியோரம் உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். குளியலறையில் பார்த்த பிறகு இப்போதுதான் பார்க்கிறாள்.

“இப்பத் தொடலாமாம்மா?” என்று கேட்டேன்.

சுற்றி உட்கார்ந்திருந்த பெண்களெல்லாம் ஒரே சமயத்தில் அழத் தொடங்கினார்கள். அம்மா அழவில்லை. இரண்டு கையையும் நீட்டினாள். நான் போனதும் பிடித்துத் தன் மடிக்குள் அமுக்கிக்கொண்டாள். எலும்பு வலித்தது. என் தலை, தோள், முதுகு என்று தடவிக்கொண்டே வந்து, தோள்பட்டைக்குக் கீழே அந்த முதல் கொப்புளம் இருந்த இடத்தில் கையை வைத்தாள். அங்கேயே வைத்திருந்தாள்.

“அந்தப் பையன் செத்துட்டானா?” என்று அவள் காதருகே கேட்டேன்.

“எந்தப் பையன்?”

“பக்கத்துக் கட்டில் பையன். மேலூர்க்காரன்.”

அம்மாவின் கை அசையவில்லை. அப்பா சுவரோரம் நின்றிருந்தார். இருவரும் பார்த்துக்கொண்டார்கள்.

“இல்ல” என்றாள் அம்மா. “அவன் நல்லாருக்கான்.”

இதைவிடப் பெரிய அநியாயத்தை நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை. கல்லறைக்குப் போகும் வழியெல்லாம் நான் அழுததை எல்லோரும் அண்ணனுக்காக என்றுதான் நினைத்திருப்பார்கள். பாதி அழுகை அந்தப் பையன் நன்றாக இருக்கிறானே என்பதற்காக.

பல வருசம் கழித்து, நான் கல்லூரியில் படிக்கும்போது, சித்திக்குப் பிந்திப் பிறந்த மகனுக்கு அம்மை போட்டது. வேப்பிலை பரப்பும்போது சித்தி பழைய கதையைப் பேசினாள். எனக்கு எப்போதோ தெரிந்திருக்கும் என்று நினைத்துத்தான் பேசினாள். மதுரையில் அண்ணனை வைத்திருந்தது தனி அறை. பக்கத்தில் கட்டில் என்று ஒன்று கிடையவே கிடையாது. கொண்டுபோன அன்றைக்கே தடுப்பு ஊசி போட்டார்கள். ஆனால் முத்து வெளியே தெரிவதற்கு முன்பே அம்மை ஒட்டிவிடும். நானும் அவனும் அதற்கு முந்தின சாயங்காலம்கூட மாடியில் ஒன்றாக உட்கார்ந்திருந்தோம். போனில் நான் பேசியபோது அதை அவன் காதில் பிடித்துக்கொண்டு நின்றது அம்மா. நான் கேட்ட கேள்வி அவளுக்கும் கேட்டிருக்கிறது. பேசி முடித்துவிட்டு அவன் அம்மாவிடம், “எம்மா, நீங்களும் இதையே சொல்லிருங்க” என்றானாம். அம்மாவுக்கு அப்போது என்மேல் கோபம்கூட இருந்திருக்கலாம் என்றாள் சித்தி. பெற்றவள் என்றாலும் மனுசிதானே. அது அவனுக்குத் தெரிந்திருந்ததோ என்னவோ.

இதெல்லாம் தெரியாத ஒன்பது வயதில், அண்ணனை அடக்கம் செய்த பிறகு வந்த சாயங்காலங்களில், நாங்கள் மூன்று பேரும் மாதா படத்துக்கு முன்னால் செபமாலை சொல்ல உட்காருவோம். முடிவில் அம்மா ஒவ்வொருவருக்காகவும் வேண்டிக்கொள்வாள். கடலில் இருக்கிறவர்களுக்காக. ஆஸ்பத்திரியில் கிடக்கும் பிள்ளைகளுக்காக. அண்ணனின் ஆத்துமாவுக்காக. கடைசியாக, ஒரு நாளும் விடாமல், இன்னொன்று.

“பக்கத்துக் கட்டில் பிள்ளைக்கு ஒரு கொறையும் வரக் கூடாது மாதாவே. அது மனசுல ஒரு பாரமும் இல்லாம வளரணும்.”

அப்பா ஆமென் என்பார். நான் உதட்டை இறுக்கி மூடிக்கொள்வேன்.

ஒரு சாயங்காலம் பொறுக்க முடியாமல், “பிள்ளை இல்லம்மா, பையன். மேலூர்க்காரப் பய. அவனுக்கு நான் ஆமென் சொல்ல மாட்டேன்” என்றேன்.

“நீ சொல்ல வேண்டாம்” என்றாள் அம்மா. “நான் சொல்லிக்கிடுதேன்.”

சொல்லிவிட்டு, மறுபடி முதலிலிருந்து அந்த வேண்டுதலைத் தொடங்கினாள். அதைச் சொல்லும்போது எப்போதும் செய்வதுபோல அவள் கை என் தலைமேல் வந்து உட்கார்ந்தது. அண்ணனைக் கொண்டுபோனவனுக்காக வேண்டிக்கொள்கிறவள், அந்தக் கையை எதற்கு என் தலையில் கொண்டுவந்து வைக்கிறாள் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. கையைத் தட்டிவிட்டு, எட்டிப்போய் அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.